படத்தை மூடினால் எழுத்து தெரியாத பிள்ளைக்கு

மன்னார்குடிப் பக்கத்திலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். மகனுக்கு நாலரை வயது. சுவரில் மாட்டிய அட்டையைப் பார்த்து ‘அ அம்மா, ஆ ஆடு’ என்று ஃ வரை மூச்சுவிடாமல் சொல்கிறான். படத்தைக் கையால் மறைத்து எழுத்தை மட்டும் காட்டினால் திருதிருவென்று விழிக்கிறான். கதையும் படமும் வைத்துச் சொல்லிக்கொடுக்கலாம் என்கிறார்களே, அதை எங்கே தொடங்குவது? பள்ளியில் தினமும் பக்கம் பக்கமாக எழுதிவரச் சொல்கிறார்கள், எழுத வைக்க வேண்டுமா? மாமனார் ‘லை’ யைப் பழைய வடிவத்தில் எழுதுகிறார், பிள்ளை குழம்பிவிடாதா? இவ்வளவுதான் கேள்வி. திருவாரூர், நாகப்பட்டினம் பக்கத்து பால்வாடிகளிலும் ஒன்றாம் வகுப்புகளிலும் வெகுகாலம் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

உங்கள் மகன் எதையும் மறக்கவில்லை. அட்டை எதைக் கற்றுக்கொடுத்ததோ அதை ஒழுங்காகக் கற்றிருக்கிறான். அட்டையில் பெரிதாக இருப்பது படம். எழுத்து ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. படத்தின் பெயர் தெரிந்தால் பாட்டு ஓடிவிடும், எழுத்தைப் பார்க்க வேண்டிய தேவையே அவனுக்கு வரவில்லை. நடுவில் ‘எ’ வைக் காட்டிக் கேட்டால் மனதுக்குள் ‘அ’ விலிருந்து பாடிக்கொண்டு வந்து சேர்கிறானா என்று கவனியுங்கள். பெரும்பாலான பிள்ளைகள் அப்படித்தான் செய்வார்கள். எழுத்து என்பது ஒரு ஓசைக்கு நாம் போட்டுவைத்த அடையாளம். படத்தின் வேலை அந்த ஓசையைப் பிள்ளையின் காதில் போட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்வது. கதையின் வேலை வேறு, அது உயிர்மெய்யில்தான் முழுசாகத் தெரியும். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் ‘கதை சொன்னேன், படம் காட்டினேன், ஒன்றும் நடக்கவில்லை’ என்று பலர் சலித்துக்கொள்கிறார்கள்.

படத்தை எடுத்துக்கொள்வோம். கடையில் கிடைக்கும் அட்டையில் ‘இ’ க்கு இலை, ‘உ’ க்கு உரல் போட்டிருக்கும். உங்கள் வீட்டில் இலையை எப்படிச் சொல்கிறீர்கள்? ‘சாப்பிட எல போடு’ என்றுதான். உரல் ஒரலு, உலக்கை ஒலக்கை, இடம் எடம், உடம்பு ஒடம்பு. அடுத்து அகரமோ ஐகாரமோ வந்தால் முதலில் இருக்கும் இகரம் எகரமாகவும் உகரம் ஒகரமாகவும் இறங்கிவிடுவது நம் பேச்சில் ஒழுங்காக நடக்கும் காரியம். குடம் கொடமாவதும், விலை வெலையாவதும் இதனால்தான். பெரியவர்களாகிய நாம் எழுத்தைப் பார்த்துப் பழகியவர்கள், நம் காதே நம்மை ஏமாற்றிவிடும். பிள்ளையின் காது நேர்மையானது. இலைப் படத்தைக் காட்டி ‘இது இ’ என்றால், ‘எல’ என்று கேட்டுப் பழகியவனுக்கு அது எப்படி ‘இ’ ஆகும்? அவன் குழம்புவதில் நியாயம் இருக்கிறது.

ஆகவே பேசும்போதும் மாறாத சொல்லாகப் பொறுக்குங்கள். ‘இ’ க்கு இட்லி, இஞ்சி. ‘உ’ க்கு உப்பு, உளுந்து. உளுந்தை டெல்டாவில் தெரியாத பிள்ளை கிடையாது. சம்பா அறுப்புக்கு முன்னால் ஈரம் காயாத வயலில் உளுந்தும் பயறும் தெளிப்பதை வரப்பில் நின்று பார்த்திருப்பான். ‘எ’ க்கு எலி நன்றாகவே பொருந்தும், வயலில் தஞ்சாவூர் கிட்டி வைத்து எலி பிடிப்பதைப் பார்த்த பிள்ளையிடம் அதை வைத்து எத்தனை கதை வேண்டுமானாலும் வளர்க்கலாம். ‘ஒ’ க்கு எல்லா அட்டையிலும் ஒட்டகம். தொலைக்காட்சியைத் தவிர வேறெங்கும் அதைப் பார்க்காத பிள்ளைக்கு ஒட்டடை போதும், மேலே காட்டிச் சொல்லலாம், வீட்டில் கட்டாயம் இருக்கும். ‘ஓ’ க்கு ஓணான், ஓடு. ‘ஐ’ க்கு ஐவர் என்று ஐந்து பேரை வரைந்திருப்பார்கள், பிள்ளை எண்ணிப் பார்த்து ‘அஞ்சு பேர்’ என்பான். நான் ஐஸ் வண்டியை வரைந்துவிடுவேன். தூய தமிழ் இல்லையே என்று கோபப்பட்டவர்கள் உண்டு. ஐகாரத்தை அப்படியே முழுசாகக் கேட்கும் சொல் நாலு வயதுப் பிள்ளைக்கு அதுதான், ‘ஐ’ மனதில் நின்ற பிறகு ஐயாவுக்கு வரலாம். ‘ஔ’ வுக்கு ஔவையார் படத்தைக் காட்டினால் பத்தில் ஒன்பது பிள்ளைகள் ‘பாட்டி’ என்பார்கள். ஔ, ஃ இரண்டையும் கடைசிக்குத் தள்ளுங்கள். அவை இல்லாமலே ஒரு வருஷம் சௌகரியமாகப் படிக்கலாம், ‘சௌகரியம்’ வரும்போது பார்த்துக்கொள்வோம்.

அடுத்து, படமும் எழுத்தும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதைவிட எழுத்தின் வடிவமே படத்துக்குள் இருந்தால் நல்லது. 1984இல் லின்னியா ஏரி என்ற அமெரிக்க ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் ஆங்கில எழுத்துகளை வைத்து இதைச் சோதித்தார்கள். எழுத்தின் கோடுகளையே ஒரு பொருளாக வரைந்து, அந்தப் பொருளின் பெயரும் அதே ஓசையில் தொடங்கும்படி செய்தபோது பிள்ளைகள் நன்றாகக் கற்றார்கள். வடிவத்தோடு சம்பந்தமில்லாத படத்தைப் பக்கத்தில் வைத்ததால் அந்தப் பலன் கிடைக்கவில்லை. தமிழிலும் இதற்கு இடம் இருக்கிறது. ‘ஈ’ யில் இருக்கும் இரண்டு புள்ளிகளை ஈயின் கண்களாக்கி, மேலே இரண்டு இறக்கை வரைந்துவிடுங்கள். ‘ஏ’ யின் கீழே சாய்ந்து இறங்கும் கோட்டுக்குக் குறுக்கே நாலு படி போட்டால் ‘எ’ மேல் சாய்த்து வைத்த ஏணி. ‘ஆ’ வின் காலடியில் இருக்கும் வளைவு ஆற்றுச் சுழி. ‘ப’ வாய் திறந்த பாத்திரம் மாதிரி நிற்கிறது, அதில் நெல்லை நிரப்பி வரைந்தால் படி. பாட்டி வீட்டில் பழைய இரும்புப் படி இருந்தால் அதையே கையில் கொடுத்துவிடலாம்.

எல்லா எழுத்துக்கும் இப்படிப் பொருந்தாது. பொருந்தாத இடத்தில் வலிந்து ஒரு உருவத்தைத் திணிக்க வேண்டாம், பிள்ளை உருவத்தைப் பிடித்துக்கொண்டு எழுத்தை விட்டுவிடுவான். பொருந்தும் இடத்திலும் படத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக அழிக்க வேண்டும். முதல் நாள் கண்ணும் இறக்கையும் வைத்த ஈ. இரண்டு நாள் கழித்து இறக்கை இல்லாத ஈ. அப்புறம் வெறும் எழுத்து. அச்சடித்த அட்டையில் படத்தை அழிக்க முடியாது என்பதால்தான் கரும்பலகையும் சாக்பீஸும் அதைவிட மேல் என்கிறேன். உங்களுக்கு வரைய வராது என்று கவலைப்பட வேண்டாம், நாலு வயதுப் பிள்ளை ரசனையில் தாராளமானவன்.

சரி, எந்த வரிசையில் போவது? அகர வரிசை அகராதி பார்க்க வேண்டியவர்களுக்குத்தான் அவசியம். படிக்கத் தொடங்கும் பிள்ளைக்கு ட, ப, ம என்று ஆரம்பிப்பது நம் ஊர் ஆசிரியர்கள் வெகுகாலமாகக் கையாளும் வழி. கையை எடுக்காமல் கீழே இறங்கி வலப்பக்கம் போனால் ட. அதையே மேலே ஏற்றினால் ப. ஏற்றி உள்ளே வளைத்தால் ம. கைக்கு ஒரே பாதை, ஒவ்வொரு படியாக நீள்கிறது. இதோடு க, ர இரண்டையும் மெய்யெழுத்தின் புள்ளியையும் சேர்த்துவிட்டால் என்னென்ன கிடைக்கிறது பாருங்கள்: படம், பட்டம், மரம், பக்கம், கம்பம். ‘மரம் பக்கம் பட்டம்’ என்று ஒரு வரியே எழுதலாம். ஒரு மரம், நூல் சிக்கிய பட்டம், கீழே ஒரு பையன் என்று வரைந்து அந்த வரியை அடியில் எழுதுங்கள். உயிரெழுத்து பன்னிரண்டும் தெரிந்த பிள்ளையால் அவற்றை மட்டும் வைத்து ஒரு கதை வரியைப் படிக்க முடியாது. இந்தப் பிள்ளை ஐந்து எழுத்திலேயே படித்துவிடுகிறான். ‘நான் படிச்சேன்’ என்ற எண்ணம் ஒரு தடவை வந்துவிட்டால் மீதி எழுத்துகளை அவனே கேட்டு வாங்குவான்.

ஓசையைச் சொல்லிக்கொடுக்கும்போது ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். ‘ம்’ என்பதை ‘இம்’ என்று சொல்லிப் பழக்கினால், பிள்ளை படத்தைப் ‘ப, ட, இம்’ என்று கூட்டிவிட்டு அது என்ன சொல் என்று தெரியாமல் நிற்பான். ஆனா, ஆவன்னா, இனா, ஈயன்னா என்ற பழைய பெயர்களும் அப்படித்தான், பேச்சில் அழகு, படிக்கும்போது இடைஞ்சல். உதட்டை மூடி ‘ம்ம்ம்’ என்று மட்டும் சொல்லுங்கள். கதை முதன்முதலில் கைகொடுப்பது இங்கேதான். பால் குடித்து முடித்த கன்று ‘ம்ம்ம்’ என்கிறது. வாய்க்கால் ஓரத்தில் டீசல் இன்ஜின் ‘டட டட டட’ என்று தண்ணீர் இறைக்கிறது. மன்னார்குடி பஸ் ‘பப்பப்பாம்’ என்று வருகிறது. கன்று ரோட்டில் நிற்கிறது, பஸ் ஹாரன் அடிக்கிறது, கன்று நகர மாட்டேன் என்கிறது. இவ்வளவுதான் கதை. சத்தம் வரும் இடத்தில் நீங்கள் சொல்ல வேண்டாம், எழுத்தைக் காட்டுங்கள், அவன் சத்தம் போடட்டும். 1658இல் கொமேனியஸ் என்ற ஐரோப்பியக் கல்வியாளர் வெளியிட்ட படப் புத்தகத்திலேயே காகம் கரைவது, ஆட்டுக்குட்டி கத்துவது என்று ஒவ்வொரு எழுத்துக்கும் எதிரே சத்தத்தோடு படம் போட்டிருந்தார். முந்நூறு வருஷத்துக்கு மேலான தந்திரம், இன்னும் வேலை செய்கிறது.

இந்தக் கதைகள் சின்னதாக இருக்க வேண்டும். ஒரு கதைக்கு ஒரு புது எழுத்து. அந்த எழுத்து கதையில் நாலைந்து தடவை தலைகாட்ட வேண்டும். ராஜா, காடு, சிங்கம் எல்லாம் தூங்கப்போகும்போது சொல்லும் கதைக்கு இருக்கட்டும், எழுத்துக் கதைக்கு உங்கள் தெருவே போதும். நீதி எதுவும் வேண்டாம். நீதி வந்த உடனே பிள்ளைக்கு இது பாடம் என்று தெரிந்துவிடுகிறது.

இப்போது உயிர்மெய்க்கு வருவோம். தமிழ் எழுத்து 247இல் 216 இதுதான். படம் இங்கே கைவிட்டுவிடும். ‘கெ’ வுக்கும் ‘ஙூ’ வுக்கும் எந்தப் படத்தைப் போடுவது? க, கா, கி, கீ என்று பதினெட்டு வரிசையையும் உருப்போட வைக்கும் வழக்கம் இருக்கிறதே, அதுவும் உங்கள் மகனின் அட்டைப் பாட்டு மாதிரிதான் முடியும். குறுக்காகப் போங்கள். முதலில் துணைக்கால் மட்டும். கா, சா, தா, பா, மா, வா எல்லாவற்றுக்கும் அதே ஒரு கால். ஒன்று புரிந்தால் பதினெட்டும் வந்துவிடும். நம் முன்னோர் அந்தக் குறிகளுக்கு வைத்த பெயர்களே பாதிக் கதை: துணைக்கால், ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, மேல்விலங்கு.

கால் கதை இப்படிப் போகலாம். எழுத்துகளுக்குக் கால் கிடையாது, இருந்த இடத்திலேயே ‘ப’ என்று சுருக்கமாகக் கூப்பிடும். ஒரு கால் கிடைத்தால் ‘பாஆஆ’ என்று கூவிக்கொண்டு தெருக்கோடி வரை நடந்துவிடும். பட்டு என்று ஒரு பெண். அவளுக்குப் பாட வராது. ஒரு நாள் ‘ப’ வுக்கு ஒரு கால் கொண்டுவந்து கொடுத்தாள், பட்டு பாட்டு ஆகிவிட்டது. பட்டு பாட்டுப் பாடினாள். அவள் தாத்தாவிடம் ஒரு தடி இருந்தது. பட்டு விளையாட்டாக அதற்கும் ஒரு கால் வைத்தாள், தாத்தாவுக்குத் தாடி முளைத்துவிட்டது! இந்த இடத்தில் சிரிக்காத பிள்ளையை நான் பார்த்ததில்லை. ஐஸ் குச்சி ஒன்றைக் காலாக வைத்து, தரையில் சாக்பீஸால் எழுதிய சொல்லின் பக்கத்தில் வைப்பதும் எடுப்பதுமாக விளையாடலாம். படம், பாடம். கல், கால். குச்சியை எடுத்தால் தாடி போய்த் தடி வரும். ஓசை நீள்வதும் சுருங்குவதும் அவன் கையில் இருக்கிறது.

கொம்பு கொஞ்சம் சிக்கலானது. எழுத்தில் முன்னால் நிற்கும், ஓசையில் பின்னால் வரும். ‘செ’ வைப் பார்த்த பிள்ளை கொம்பை முதலில் பார்த்து, என்ன செய்வது என்று தெரியாமல் தயங்குவதும், எழுதும்போது எழுத்தை முதலில் எழுதிவிட்டுக் கொம்புக்கு இடமில்லாமல் தவிப்பதும் எல்லா வகுப்பிலும் நடக்கும். இதற்கு இலக்கணம் சொல்லாதீர்கள். மாடு வீட்டுக்குள் நுழையும்போது முதலில் கொம்பு தெரிகிறது, ‘ம்மா’ என்ற குரல் அப்புறம் வருகிறது என்று சொல்லுங்கள், புரிந்துகொள்வான். செவலைக் காளை சேற்றில் இறங்கியது. வெள்ளாடு வேலியைத் தாண்டியது. தென்னையிலிருந்து தேங்காய் விழுந்தது. ஒவ்வொரு வரியிலும் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் ஜோடியாக வருவதைக் கவனியுங்கள். அந்த இரட்டைக்கொம்பு நம் பக்கத்துக்காரர் கொடுத்தது என்றே சொல்லலாம். கொள்ளிடத்துக்கு வடகரையில் ஏலாக்குறிச்சியில் இருந்த வீரமாமுனிவர்தான் 18ஆம் நூற்றாண்டில் எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் பார்த்த உடனே வேறுபடும்படி எழுத்தைத் திருத்தினார் என்பார்கள். அதற்கு முன் குறிலுக்கு மேலே ஒரு புள்ளிதான், ஓலையில் அதையும் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். எலியா ஏலியா என்று இடம் பார்த்துத்தான் படிக்க வேண்டும்.

உகரமும் ஊகாரமும் மட்டும் ஒழுங்குக்கு வராதவை. சு, பு, யு, வு எல்லாம் கீழே நேராக ஒரு கோடு. கு, டு, மு, ரு, ழு, ளு வளைத்துச் சுற்றும். து, நு, ணு, லு, று, னு வலப்பக்கம் சுழித்து மேலே எழும். இந்த மூன்று கூட்டமாகவே சொல்லிக்கொடுங்கள், ‘க’ வரிசை ‘ச’ வரிசை என்று பிரித்தால் பிள்ளைக்கு ஒவ்வொன்றும் புது எழுத்தாகத் தோன்றும். கடைசியில் வைத்துக்கொள்ளலாம் என்றால் ஆடு, மாடு, வீடு, ஆறு, தட்டு எல்லாம் உகரத்தில்தான் முடிகின்றன. அதனால் டு, கு, து, று நாலையும் சொல்லாகவே முன்னால் அறிமுகப்படுத்திவிட்டு, மீதியைப் பிறகு கூட்டமாகச் சேர்ப்பதுதான் எனக்குச் சரியாக வந்த வழி.

அவன் கொஞ்சம் கூட்டிப் படிக்க ஆரம்பித்த பிறகு ஒரு விளையாட்டு இருக்கிறது, டெல்டாப் பிள்ளைகளுக்கு என்றே அமைந்த மாதிரி. வாசலில் சாக்பீஸால் கல்லணையிலிருந்து கடல் வரை காவிரியை வரையுங்கள். அளவெல்லாம் சரியாக இருக்க வேண்டாம். திருவையாறு, கும்பகோணம், மயிலாடுதுறை, பூம்புகார் என்று ஊர்களைப் புள்ளி வையுங்கள். வடக்கே கொள்ளிடம், தெற்கே வெண்ணாறு. பிறகு உங்களுக்குத் தெரிந்த கிளைகள்: குடமுருட்டி, அரசலாறு, வெட்டாறு, கோரையாறு, ஓடம்போக்கி, உங்கள் ஊர்ப் பாமணியாறு. ஜூன் 12 மேட்டூர் திறந்தாச்சு, தண்ணீர் வருகிறது, எந்த ஆற்றில் விடலாம்? பெயரைப் படித்தால்தான் ஷட்டர் திறக்கும். ஒரு சொம்புத் தண்ணீரை அவன் கையில் கொடுத்துவிட்டு நீங்கள் தள்ளி உட்காருங்கள். கொள்ளிடத்தையும் கோரையாற்றையும் படிக்கும்போது கொ, கோ வேறுபாடு தானாக வந்துவிடும். வெட்டாறும் வெண்ணாறும் ஒரே எழுத்தில் தொடங்குவதால் முதல் எழுத்தை மட்டும் பார்த்து ஊகிக்கும் பிள்ளை மாட்டிக்கொள்வான், முழுச் சொல்லையும் பார்க்கப் பழகுவான். ஆடிப்பெருக்கு அன்று சப்பரம் இழுக்கும் பிள்ளைகள் சப்பரத்தில் தங்கள் ஆற்றின் பெயரை எழுதி ஒட்டுவதையும் செய்து பார்க்கலாம்.

பஸ் பலகையும் அப்படித்தான். இடும்பாவனம், உள்ளிக்கோட்டை, ஊரணிபுரம், ஒரத்தநாடு, ஆடுதுறை, ஏனங்குடி என்று உயிரெழுத்தில் தொடங்கும் ஊர்களுக்கு நமக்குக் குறைவே இல்லை. அத்தை வீடு, பாட்டி வீடு இருக்கும் ஊரில் தொடங்குங்கள். தனக்குச் சொந்தக்காரர் இருக்கும் ஊரின் பெயரை எந்தப் பிள்ளையும் சீக்கிரம் படித்துவிடும்.

ல, ள, ழ பற்றியும் ந, ன, ண பற்றியும் ர, ற பற்றியும் ஒரே வரி: ஒரே வாரத்தில் இரண்டைச் சேர்த்து அறிமுகப்படுத்தாதீர்கள். ஒன்று நன்றாக நின்ற பிறகு அடுத்ததை ஒரு குறும்புக் கதையோடு கொண்டுவாருங்கள். பல்லி ஒன்று பள்ளிக்குப் போனது, டீச்சர் வருகைப் பதிவேட்டில் அதன் பெயரை எழுதும்போது என்ன ஆனது என்று அவனையே முடிக்கச் சொல்லுங்கள். ழகரம் வாயில் வரத் தாமதமாகும். ‘வாளப்பளம்’ என்றால் திருத்தித் திருத்திச் சலிப்பூட்டாமல், நீங்கள் ‘வாழைப்பழம் வேணுமா’ என்று சரியாகக் கேட்டால் போதும்.

நோட்டு விஷயம். நாலரை வயதில் பென்சிலைப் பிடித்துப் பக்கம் பக்கமாக எழுதும் வலு பெரும்பாலான விரல்களில் இருக்காது. எழுத்தை அடையாளம் காண்பதும் எழுதுவதும் தனித்தனி வேலைகள், முதலாவது முந்திப்போகலாம். எழுத வேண்டும் என்றால் மணல் இருக்கிறது. 1706இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித்தான் தமிழ் கற்றார். பெரிய ஆளுக்கே அது போதுமானதாக இருந்தது. 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து இங்கே ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்த இத்தாலியக் கல்வியாளர் மாண்டிசோரி, எழுத்துகளை உப்புத்தாளில் வெட்டி ஒட்டி விரலால் தடவ வைத்தார். காரணம் ஒன்றுதான், எழுத்து எங்கே தொடங்கி எந்தப் பக்கம் திரும்புகிறது என்பது விரலுக்குத் தெரிய வேண்டும். விஜயதசமி அன்று கூத்தனூர் சரஸ்வதி கோயிலில் பிள்ளைகளை மடியில் வைத்து நெல்லிலும் அரிசியிலும் எழுத வைக்கிறோம், மறுநாள் காலையில் கையில் பென்சிலைத் திணித்துவிடுகிறோம். அந்தத் தாம்பாளத்தை இன்னும் ஒரு வருஷம் கீழேயே வைத்திருக்கலாம். அரிசி மாவை எடுத்துக் கோலப் புள்ளியைச் சுற்றி வளைக்கவும் விடுங்கள். பையன்தானே, கோலம் எதற்கு என்று வீட்டில் யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள், நம் எழுத்தில் முக்கால்வாசி வளைவுதான். பள்ளியில் கேட்கும் பக்கங்களுக்கு, ஆசிரியையை நேரில் பார்த்து இரண்டு வரி மட்டும் எழுதி அனுப்புகிறேன் என்று தன்மையாகச் சொல்லுங்கள். அரசுப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு சேர்ப்பதாக இருந்தால் அங்கே 2022 ஜூனில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் இருக்கிறது. பிள்ளையின் நிலையைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துத்தான் சொல்லிக்கொடுப்பார்கள், பாட்டும் கதையும் பொம்மையும் அதில் உண்டு. எல்லா எழுத்தும் எழுதத் தெரிந்தால்தான் சேர்ப்பார்கள் என்ற பயம் வேண்டாம்.

கடைசியாக, மாமனார் எழுதும் ‘லை’. 1978 அக்டோபரில் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணை போடும்வரை பள்ளியில் படித்தவர்கள் எல்லோரும் லை, ளை, ணை, னை நான்கையும் யானைத் தும்பிக்கை மாதிரி முன்னால் சுருட்டித்தான் எழுதினார்கள். ணா, றா, னா மூன்றுக்கும், அவற்றோடு சேரும் ஒகர ஓகாரங்களுக்கும் தனி வடிவம் இருந்தது. மொத்தம் பதின்மூன்று எழுத்துகள். பெரியார் 1935இலேயே குடி அரசு இதழில் புதிய வடிவத்தைப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டார், அரசு ஏற்க நாற்பது வருஷத்துக்கு மேல் ஆனது. அந்த மாற்றத்தால்தான் கால் எல்லா எழுத்துக்கும் ஒரே கால், ஐகாரத்துக்குப் போடும் இணைக்கொம்பு எல்லா எழுத்துக்கும் ஒரே கொம்பு என்று இன்று பிள்ளைகளுக்குச் சொல்ல முடிகிறது. தாத்தாவை மாற்றி எழுதச் சொல்லாதீர்கள். பிள்ளை புதிய ‘லை’ யை நன்றாகப் படிக்கும்வரை தாத்தா வாயால் கதை சொல்லட்டும், எழுதிக் காட்ட வேண்டாம். ஆறு வயது தாண்டிய பிறகு ‘தாத்தா காலத்து யானை லை’ என்று அவரே காட்டிக்கொடுக்கலாம். பழைய கல்யாணப் பத்திரிகை, கோயில் சுவரில் உபயதாரர் பெயர்ப் பலகை என்று அதைத் தேடிக் கண்டுபிடிப்பதைப் பேரனோடு அவர் செய்யும் வேலையாக விட்டுவிடுங்கள். அந்த வயதுப் பிள்ளைகள் அதில் குழம்புவதில்லை, துப்பறிகிறவர்களாக மாறிவிடுகிறார்கள்.